திறந்த மூலக் கொள்கை: பாடத்திற்குரிய வாசிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தல்

பௌதிகத்தையோ கணிதத்தையோ கற்பிக்க முற்படும் ஆசிரியருக்கு எந்நூலைக் கையாள்வது என்ற ஐயம் பெரிதாக எழுவதில்லை. நெடுங்கால அனுபவம் அத்தேர்வை அவருக்காகச் செய்து வைத்துள்ளது. புதிய துறைகளில் நிலைமை வேறு. கணிப்பொறி மென்பொருளைச் சார்ந்த ‘திறந்த மூலக் கொள்கை’ அத்தகைய துறைகளுள் ஒன்று. இப்பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர் முதலில் விடை காண வேண்டிய வினா, மாணாக்கர் எவற்றைப் படிக்க வேண்டும் என்பதேயாகும்.

இவ்வினா வெறும் ஏட்டுச் சிக்கலன்று. பெங்களூருவின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வெளியேறும் இளைஞர் ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த சில நாட்களிலேயே, முன்பின் அறியாத பலர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களைத் தம் வேலையில் சேர்க்கத் தொடங்குகிறார். ஒவ்வொன்றும் சில நிபந்தனைகளுடன் வருகிறது. அவற்றை அறியாதவர் அந்நிரலை விலையில்லாப் பண்டம் என்றே கருதுவார். 2004-ம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம், இத்தகைய நிபந்தனையை மீறி விற்கப்பட்ட ஒரு கருவியின் விற்பனைக்குத் தடை விதித்தது. நிரலை எழுதியவர்களுள் ஒருவர் தொடுத்த வழக்கு அது.

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகள் முதலில் மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் எழுதப்படுகின்றன. அதுவே மூலநிரல். பின்னர் அது யந்திரம் மட்டுமே ஏற்கும் எண்கோவையாக மாற்றப்படுகிறது. எண்கோவையை மட்டும் பெற்றவர் மென்பொருளை இயக்கலாம். அது வேலை செய்யும் முறையை அறியவோ, திருத்தவோ அவரால் இயலாது. குழம்பு கிடைத்தது, பக்குவம் கிடைக்கவில்லை என்பது போன்ற நிலை. மூலநிரலையும் உடன் தந்து, அதனைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் இசைவளிப்பதே இங்கு பேசப்படும் கொள்கையாகும். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 முதல் ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற பெயரில் இதனை வற்புறுத்தி வருகிறார். ‘திறந்த மூலம்’ என்ற பெயர், வர்த்தக உலகம் தயக்கமின்றி ஏற்க வேண்டும் என்ற எண்ணத்துடன் 1998-ல் வேறு சிலரால் வழங்கப்பட்டது. இரு பெயர்களும் பெரும்பாலும் அதே மென்பொருள்களையே சுட்டுகின்றன. கூறும் காரணந்தான் வேறு. முன்னது பயன்படுத்துவோரின் உரிமையைப் பேசுகிறது. பின்னது நல்ல மென்பொருள் உருவாகும் முறையைப் பேசுகிறது.

இவ்விடத்தில் ஒரு செய்தி குறிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘விலையற்றது’, ‘தடையற்றது’ என்ற இரு பொருளுக்கும் ஒரே சொல் வழங்குவதால், அம்மொழியின் கட்டுரைகளில் பல பக்கங்கள் இக்குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே செலவாகின்றன. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு; கன்னடத்திலும் ‘முக்த’ என்னும் சொல் விலையைக் குறிப்பதன்று. ஆகவே அப்பக்கங்களை ஆசிரியர் தயங்காமல் விட்டுவிடலாம். மிச்சப்படும் நேரம் வேறு வாசிப்புக்குத் தேவைப்படும்.

வழக்கமான தேர்வும் அதன் குறையும்

இப்பாடத்திற்குப் பொதுவாகக் கையாளப்படும் பட்டியல் சிறியது. 1985-ல் வெளியான ஸ்டால்மனின் ‘க்னூ கொள்கை அறிக்கை’, எரிக் ரேமண்ட் 1997-ல் வெளியிட்ட ‘தேவாலயமும் சந்தையும்’ என்ற கட்டுரை, இவற்றைச் சூழ்ந்த சில விளக்கவுரைகள் ஆகியவை அதில் இடம் பெறும். இவை படிக்கத்தக்கவையே. ஆயினும் இவை அனைத்தும் வாதம் புரிவோரின் எழுத்துக்கள். இவற்றை மட்டும் படித்த மாணாக்கர் கட்சி சேரக் கற்றிருப்பார். ஓர் உரிமப் பத்திரத்தைத் திறந்து வாசித்திருக்க மாட்டார். வாதவுரைகளைக் குறைத்து, ஆவணங்களையும் நடந்த வரலாறுகளையும் மிகுதியாகச் சேர்ப்பதே பொருத்தமாகும். பன்னிரண்டு வாரப் பாடமொன்றில் வாரத்திற்கு இருபது பக்கங்களுக்கு மேல் வேண்டியதில்லை. அறுபது பக்கம் விதித்தால் எவரும் படிப்பதில்லை என்பது ஆசிரியர் யாவரும் அறிந்ததே.

கணிப்பொறிக்கு முந்திய ஒன்றிலிருந்து தொடங்குவது நலம். 1928-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி பெங்களூருவில் தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் முன் சர் சி. வி. ராமன் ‘ஒரு புதிய கதிர்வீச்சு’ என்ற சொற்பொழிவை நிகழ்த்தினார். அது உடனே அச்சேறி, பல நாட்டு விஞ்ஞானிகளுக்கும் அனுப்பப்பட்டது. சிதறிய ஒளியில் புதிய நிறக்கோடுகளை எக்கருவிகளைக் கொண்டு எவ்வாறு கண்டார் என்பது அதில் மறைக்கப்படவில்லை. ஜெர்மனியில் பிரிங்ஷைமும் அமெரிக்காவில் ஆர். டபிள்யூ. உட்டும் அவ்வாண்டிலேயே சோதனையைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்தினர். முறையை வெளியிடுவதும், பிறர் சோதிக்க இடமளிப்பதும் விஞ்ஞானத்தின் பழைய வழக்கம் என்பதை மாணாக்கர் இவ்வுரையின் வழியே தாமே உணர்வர். இதனுடன் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1942-ல் எழுதிய கட்டுரையை இணைக்கலாம். விஞ்ஞான முடிவுகள் சமூகத்தின் பொதுச் சொத்து. கண்டறிந்தவருக்கு உரியது மதிப்பு மட்டுமே என்பது அவர் கருத்து.

இவ்வொப்புமை ஓர் எல்லை வரையில்தான் செல்லும் என்பதையும் ஆசிரியர் உடனே காட்ட வேண்டும். ராமனின் முடிவைப் பயன்படுத்திய ஒருவர், தம் மேம்பாட்டையும் வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. மென்பொருள் உரிமங்களுள் சில அக்கட்டாயத்தை விதிக்கின்றன. புதுமை அங்கேதான் உள்ளது.

எதிர்வாதத்தை முதலில் வைத்தல்

அடுத்த வாரத்தில் எதிர்க்கட்சியாரைப் பேசவிடுவது முறை. 1976-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதியிட்டு, பில் கேட்ஸ் கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தம் நிறுவனம் ஆல்டேர் கணிப்பொறிக்கென உருவாக்கிய பேசிக் மொழியை மிகப் பலர் பணம் செலுத்தாமலே நகலெடுத்துக் கொண்டதையும், கிடைத்த வருவாயைச் செலவிட்ட நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 டாலருக்கும் குறைவே தேறுவதையும் கூறி, ஊதியமின்றி நேர்த்தியான வேலையை யார் செய்வார் என அவர் வினவுகிறார். கடிதம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். வினா இன்றும் உயிருடன் உள்ளது.

இதற்கு எதிரே ஸ்டால்மனின் அச்சுப்பொறி நிகழ்ச்சியை வைக்கலாம். 1980-ஐ ஒட்டி, அவர் பணியாற்றிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்கூடத்திற்கு ஒரு புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதில் காகிதம் அடிக்கடி சிக்கிக் கொண்டது. மூலநிரல் கிடைத்திருந்தால், சிக்கியதைப் பயன்படுத்துவோருக்கு உடனே அறிவிக்கும்படி அவர் திருத்தியிருப்பார். பழைய பொறியில் அவ்வாறே செய்திருந்தார். மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக அறிஞர், இரகசிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்ததால் தர மறுத்தார். இரு தரப்பிலும் ஒரு குறை உள்ளது. ஒன்றை மற்றொன்று பொய்யாக்கவில்லை. இந்நிலையில் மாணாக்கரை ஒரு வாரம் விட்டுவைப்பது நல்லது.

பெங்களூருவில் விவாதிக்கப்பட்ட உரிமம்

பாடத்தின் நடுவிடம் க்னூ பொது உரிமத்திற்கு உரியது. உரிமத்தைப் பற்றிய கட்டுரையன்று, உரிமத்தையே வகுப்பில் வரிவரியாக வாசிக்க வேண்டும். 1991-ல் வெளியான இரண்டாம் பதிப்பு சில பக்கங்களே கொண்டது. அதன் அடிப்படை எளிது: மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் பிறருக்கு வழங்கும் போது மூலநிரலையும் இதே உரிமைகளையும் உடன் வழங்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியருக்குத் தரும் அதிகாரமே இங்கு பகிர்வைக் காக்கும் கருவியாகிறது. இந்தியாவில் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ்க் கணிப்பொறி நிரல் இலக்கியப் படைப்பாகக் கொள்ளப்படுவதால், இப்பத்திரத்திற்கு இங்கும் சட்ட வலிமை உண்டு.

மூன்றாம் பதிப்பைப் பொறுத்தவரை பெங்களூரு ஆசிரியருக்கு ஒரு தனி வசதி வாய்த்துள்ளது. அப்பதிப்பு மூடிய அறையில் எழுதப்பட்டதன்று. முதல் வரைவு 2006 ஜனவரியிலும், இரண்டாம் வரைவு அவ்வாண்டு ஜூலையிலும் வெளியிடப்பட்டு, பல நாடுகளில் மாநாடுகள் கூட்டிக் கருத்துக் கேட்கப்பட்டது. பாஸ்டன், போர்ட்டோ அலெக்ரே, பார்சலோனா ஆகிய நகரங்களை அடுத்து, நான்காம் சர்வதேச மாநாடு 2006 ஆகஸ்ட் 23, 24 தேதிகளில் பெங்களூருவிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் நடைபெற்றது. ஸ்டால்மன் அங்கு ஆற்றிய உரை எழுத்து வடிவில் கிடைக்கிறது. கொள்கை அறிக்கையைக் காட்டிலும் இவ்வுரை மாணாக்கருக்குப் பயன்படும் எனலாம். இதில் அவர் ஒரு பத்திரத்தின் வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் இவ்வாறு எழுதப்பட்டது என விளக்குகிறார்.

வரைவுகள் அனைத்தையும் படிக்கச் சொல்வது வீண். ஒரே ஒரு விதியைப் பின்தொடர்ந்தால் போதும். டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸ் மென்பொருளைக் கொண்டு இயங்கியது. பழைய உரிமம் கேட்டபடி மூலநிரல் வழங்கப்பட்டது. ஆனால் அதனைத் திருத்தி மீண்டும் ஏற்றினால் கருவி இயங்க மறுத்தது. நிறுவனத்தின் இரகசிய எண்கோவையாகிய ‘சாவி’ அதற்குத் தேவைப்பட்டது. படிக்க உரிமை இருந்தது, திருத்தியதைக் கையாள வழியில்லை. முதலிரு வரைவுகள் இச்சாவியையும் மூலநிரலின் பகுதியாகவே கருதின. 2007 மார்ச்சில் வெளியான மூன்றாம் வரைவு இதனை ‘நிறுவுதற்குரிய தகவல்’ எனத் தனியே பிரித்து, வீட்டு நுகர்வோர் வாங்கும் கருவிகளுக்கு மட்டும் பொருந்துமாறு சுருக்கிற்று. 2007 ஜூன் 29-ந் தேதி இறுதிப் பதிப்பு வெளிவந்தது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இவ்விதியை ஏற்கவில்லை. கருவியை எவ்வாறு அமைப்பது என்பது அதைச் செய்பவர் விருப்பம் என்பது அவர் நிலை. லினக்ஸ் மையநிரல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே உள்ளது.

இவ்விதியின் வடிவங்களை அடுத்தடுத்து வைத்து வாசிக்கும் மாணாக்கர், கொள்கை என்பது சொற்களின் ஏற்ற இறக்கத்தில் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதைக் காண்கிறார். கட்டற்ற மென்பொருளாருக்கும் திறந்த மூலத்தாருக்கும் உள்ள வேற்றுமை, எத்தனை விளக்கவுரைகள் படித்தாலும் புலப்படாத அளவுக்கு, இங்கு தெளிவாகப் புலப்படும்.

பல கண்களும் பொது ஏரியும்

ரேமண்டின் கட்டுரைக்கு ஒரு வாரம் போதும். பலர் பார்வையிடும் நிரலில் பிழைகள் விரைவில் வெளிப்படும் என்பது அதன் மையக் கருத்து. அதனுடன் ‘ஹார்ட்பிளீட்’ பிழையின் வரலாறும் படிக்கப்பட வேண்டும். இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருளில் 2012-ல் புகுந்த அப்பிழை 2014 ஏப்ரல் வரையில் பகிரங்கமாகவில்லை. உலகம் முழுவதும் நம்பியிருந்த அந்நிரலைப் பேணியவர் மிகச் சிலரே. மறுபுறம், 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலில் வஞ்சகமாகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு கள்ள வழியை ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். ஒரு வேலை சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதே காரணம். நிரல் மூடியிருந்தால் அவர் துருவியிருக்க இயலாது. கதவு திறந்திருப்பதும், உள்ளே எவரேனும் இருப்பதும் இரு வேறு செய்திகள்.

பேணுதல் பற்றிய இச்சிக்கலுக்கு எலினார் ஆஸ்ட்ரம் 1990-ல் வெளியிட்ட பொதுவள ஆட்சி பற்றிய நூலின் ஓர் அத்தியாயம் துணை செய்யும். பொதுச் சொத்து பேராசையால் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968-ல் கூறியதை மறுத்து, மேய்ச்சல் நிலங்களையும் பாசனக் கால்வாய்களையும் மக்கள் தாமே வகுத்த விதிகளால் நெடுங்காலம் காத்த சான்றுகளை அவர் தொகுத்தார். 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிட்டிற்று. தமிழ் நாட்டின் குடிமராமத்தையும் மடை திறக்கும் நீர்க்கட்டியையும் அறிந்த கிராமப் பணியாளருக்கு இந்நூல் புதிதாகத் தோன்றாது. பெங்களூரு மாணாக்கருக்கோ வேறு சான்று கண் முன்னே உள்ளது. கெம்பேகௌடா பேருந்து நிலையம் நிற்குமிடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரியாக இருந்தது. ஊர் அதனை நம்பியிராத நிலை வந்தபின் ஏரியும் நிலைக்கவில்லை.

ஆனால் ஏரி நீர் எடுக்க எடுக்கக் குறைவது. நிரலை எத்தனை பேர் நகலெடுத்தாலும் குறைவதில்லை. குறைவது அதைப் பேணுவோரின் நேரமும் பொறுமையுமே. இவ்வேற்றுமையை மாணாக்கரைக் கொண்டே சொல்லச் செய்தல் வேண்டும்.

சிம்ப்யூட்டர்

தாம் வாழும் நகரிலேயே நிகழ்ந்த ஒரு முயற்சியின் வரலாறு பட்டியலில் கட்டாயம் இடம் பெற வேண்டும். பெங்களூருவில் 1998 அக்டோபரில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. அதையொட்டி எழுந்த எண்ணத்தின் பயனாக, இந்திய விஞ்ஞானக் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலானோரும் 1999-ல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கையாளத்தக்க, கையடக்கமான கணிப்பொறியை மலிவாகச் செய்வது அவர்கள் நோக்கம். 2001 ஏப்ரல் 25-ந் தேதி முன்மாதிரிகள் வெளியிடப்பட்டன. லினக்ஸ் அதன் இயக்க மென்பொருள். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சிறு அட்டை வைத்துக் கொண்டு ஒரே கருவியைக் கிராமத்தார் பலர் பகிர்ந்து கொள்ளலாம்; திரையிலுள்ள சொற்களைக் கருவியே வாய்விட்டுப் படித்துக் காட்டும்.

மாணாக்கர் இங்கு வாசிக்க வேண்டியது ‘சிம்ப்யூட்டர் பொது உரிமம்’ என்னும் பத்திரம். க்னூ உரிமத்தின் போக்கைக் கருவியின் அமைப்புக்கும் விரிக்க முயன்ற இது, அவ்வகையில் தொடக்க காலத்தது. அமைப்பு விவரங்கள் பிறருக்குத் திறந்திருக்கும். உற்பத்தி செய்ய முன்வருவோர் அறக்கட்டளைக்குக் கட்டணம் செலுத்துவர். அவர்கள் செய்யும் மேம்பாடு குறிப்பிட்ட காலத்திற்குப் பின் பொதுவில் வைக்கப்பட வேண்டும். நிரலை நகலெடுக்கச் செலவில்லை. கருவியை நகலெடுக்கத் தொழிற்சாலை வேண்டும். இவ்வேற்றுமையை உணர்ந்தே பத்திரம் எழுதப்பட்டது என்பது அதனைப் படிப்போருக்கு விளங்கும்.

பயன் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 2004-ல் ‘அமிடா’ என்ற பெயரில் கருவி சந்தைக்கு வந்தது. கர்நாடகத்தின் நிலப் பதிவேட்டுப் பணியிலும் சத்தீஸ்கர் மாநிலக் கல்வித் திட்டமொன்றிலும் பயன்பட்டது. ஆயினும் விற்பனை சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. எண்ணிக்கை பெருகாமல் விலை குறையவில்லை. விலை குறையாமல் எண்ணிக்கை பெருகவில்லை. இதற்குள் கைத்தொலைபேசி கிராமங்களை எட்டிவிட்டது. அமைப்பு திறந்திருந்தும், அதைச் செய்ய முன்வந்த உற்பத்தியாளர் போதவில்லை.

வரலாற்றை இத்துடன் நிறுத்துவது பிழையாகும். சிம்ப்யூட்டருக்கென ரமேஷ் ஹரிஹரன் ‘த்வனி’ என்னும் நிரலை உருவாக்கியிருந்தார்; எழுத்தைப் பேச்சாக மாற்றுவது அதன் வேலை. அது க்னூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்தது. கருவி மறைந்தபின், கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் அந்நிரலை எடுத்துத் திருத்தி, மலையாளம், தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளுக்கு விரித்தார். அவர் அறக்கட்டளையைச் சேர்ந்தவரல்லர். எவரிடமும் தனி இசைவு கேட்க வேண்டிய தேவையும் அவருக்கு எழவில்லை. கருவியின் உரிமத்தையும் நிரலின் உரிமத்தையும் அருகருகே வைத்து, ஒன்று ஏன் பிழைத்தது, மற்றொன்று ஏன் பிழைக்கவில்லை என்று ஆராயச் சொல்வதைக் காட்டிலும் சிறந்த தேர்வு வினா இப்பாடத்திற்குக் கிடைப்பது அரிது.

நகலெடுத்தலும் மொழிபெயர்த்தலும்

இத்தனையும் தொகுத்து மாணாக்கர் கையில் கொடுக்கும் போது, ஆசிரியரும் ஒரு பதிப்புரிமைக் கேள்விக்கு உள்ளாகிறார். பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணாக்கரும் நகலெடுத்தலை 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-ம் பிரிவு குற்றமாகக் கொள்வதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பாடத் தொகுப்புக்களை எதிர்த்து வெளியீட்டாளர்கள் தொடுத்த வழக்கில், கல்வி நோக்கத்திற்குத் தேவைப்படும் அளவு நகலெடுக்க இடமுண்டு என டெல்லி உயர்நீதிமன்றம் 2016 டிசம்பரில் விளக்கிற்று. அத்தீர்ப்பின் சில பக்கங்களையும் பட்டியலில் சேர்ப்பது தகும்.

மொழிபெயர்ப்பு அவ்வளவு எளிதன்று. பெங்களூரு வகுப்பொன்றில் கன்னடம், தமிழ், தெலுங்கு பேசும் மாணாக்கர் கலந்திருப்பர். கடினமான பகுதிகளைத் தம் மொழியில் ஆக்கிப் பார்ப்பது அவர்களுக்கு நல்ல பயிற்சி. ஆனால் திருத்தும் உரிமைக்காக வாதாடும் ஸ்டால்மனின் கட்டுரைகள் பல, நகலெடுக்கலாம், மாற்றலாகாது என்ற நிபந்தனையுடன் வெளியிடப்பட்டுள்ளன. மொழிபெயர்ப்பை வெளியிட விரும்புவோர் இசைவு பெற வேண்டும். க்னூ உரிமப் பத்திரமும் தன்னை அப்படியே நகலெடுக்கலாம், வாசகத்தை மாற்றலாகாது என்றே தொடங்குகிறது. கருவியாகப் பயன்படும் படைப்பு வேறு, ஒருவரது கருத்தைத் தாங்கிய படைப்பு வேறு என்பது ஸ்டால்மன் கூறும் விடை. மாணாக்கருள் சிலர் இதனை ஏற்பர். சிலர் ஏற்க மாட்டார். பாடத் தொகுப்பின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு பகுதியின் நிபந்தனையையும் ஓரிரு வரிகளில் அச்சிட்டு வைத்தால், இக்கேள்வி முதல் வாரத்திலேயே எழுந்துவிடும்.